நாமும் நாங்களும்: சிங்கப்பூர்ப் பயணக் குறிப்புகள்

முதல் நாள், புதன்

திருச்சியில் ஏறிய விமானம் விடியும் முன்பே சாங்கியில் இறக்கிவிட்டது. அக்கா மகள் வெளியே காத்து நின்றாள். “மாமா, கொஞ்சமாவது தூங்கினீர்களா?” என்று கேட்டபடியே பெட்டியை வாங்கிக்கொண்டாள். தோ பாயோவில், பன்னிரண்டாம் மாடியில் அவர்களுடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சன்னலைத் திறந்தால் எதிர் புளோக்கின் துணிக்கம்பங்களும், கீழே ஈரச்சந்தையின் கூரையும் தெரிகின்றன.

பகலெல்லாம் தூங்கினேன். மாலையில் அவள் மகன் பள்ளியிலிருந்து வந்தான். தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். தாய்மொழி விழாவுக்காக வரும் வாரத்தில் ஒரு நாள், காலை அணிவகுப்பில் நாட்டின் உறுதிமொழியைத் தமிழில் சொல்ல வேண்டும்; சொல்லப்போவது அவன்தான். வரவேற்பறை நடுவில் நின்று, வலக்கையை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டு தொடங்கினான்: “சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்...”

அந்த ‘நாம்’ என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பயணம் முழுவதும் அது விடாது என்று அப்போதே தோன்றியது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தியவன் நான். மக்கள் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டே அரசை உண்டாக்கினார்கள் என்னும் சமூக ஒப்பந்தக் கோட்பாடு ஆண்டுதோறும் வரும் பாடம்: ஹாப்ஸ், லாக், ரூசோ. ஆண்டுதோறும் ஒரு மாணவராவது எழுந்து, “ஐயா, அந்த ஒப்பந்தத்தில் யார், எப்போது கையெழுத்துப் போட்டார்கள்?” என்று கேட்பார். அது ஒரு கற்பனை, விளக்கத்திற்காக வைத்துக்கொண்டது என்று பதில் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் மனம் ஒப்பாது. மன்னார்குடியில், வெஸ்லியன் மிஷன் வழிவந்த சபையில் வளர்ந்தவன் நான். ஆண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை உடன்படிக்கை ஆராதனைக்கு அம்மா என்னைக் கைபிடித்து அழைத்துப்போவார். மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்த வழக்கம் அது. சபையார் எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் வாக்குக் கொடுப்பார்கள். உடன்படிக்கை என்ற சொல்லை நான் படித்து அறியவில்லை. அம்மாவின் குரலில் கேட்டு அறிந்தேன்.

வீட்டு வாடகைக்குப் போடுவது ஒப்பந்தம். பதினொரு மாதம் முடிந்தால் அவரவர் வழியில் போகலாம். உடன்படிக்கைக்கு முடிவுத் தேதி கிடையாது. பங்காளிகளாக இல்லாதவர்களை அது பங்காளிகளாக்கிவிடுகிறது. இந்த இரண்டாவது சொல்லின் மேல் ஓர் அரசியலை எழுப்ப முடியுமா என்பதுதான் ஓய்வுபெற்ற பிறகும் என்னை விடாத கேள்வி.

இந்த உறுதிமொழியை எழுதியவர் சி. ராஜரத்தினம். 1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். 1964இல் இங்கே இனக்கலவரம் நடந்தது. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து நாடு பிரிந்தது. மறு ஆண்டே இந்த வாசகம் வந்தது. 1966 ஆகஸ்ட் 24 முதல் பள்ளிகளில் சொல்லப்படுகிறது. அவர் முதலில் எழுதிய வரைவில் இனம், மொழி, மத வேறுபாடுகளை ‘மறப்போம்’ என்று இருந்தது. ‘ஒருவருக்கொருவர் உதவி’ மகிழ்ச்சியையும் முன்னேற்றத்தையும் தேடுவோம் என்றும் இருந்தது. ஆங்கில இறுதி வடிவத்தில் ‘மறப்போம்’ போய் ‘பாராமல்’ என்ற பொருள் வந்தது. தமிழ் வடிவத்தில் ‘வேற்றுமைகளை மறந்து’ என்று நின்றுவிட்டது. ‘ஒருவருக்கொருவர் உதவி’ எதிலும் இல்லை. எனக்கு அதுதான் வருத்தம். வேற்றுமையை யாராலும் மறக்க முடியாது, மறக்கவும் வேண்டாம். விவிலியத்தில் உடன்படிக்கையோடு சேர்ந்து வரும் வினைச்சொல்லே ‘நினைவுகூர்தல்’தான். எகிப்தில் அடிமைகளின் பெருமூச்சைக் கேட்டுத் தேவன் தம் உடன்படிக்கையை நினைவுகூர்ந்தார் என்றுதான் விடுதலைக் கதையே தொடங்குகிறது.

நம் ஊர்ப் பள்ளி உறுதிமொழி ‘இந்தியா என் நாடு’ என்று ஒருமையில் தொடங்குகிறது. இங்கே பத்து வயதுப் பிள்ளை பன்மையில் தொடங்குகிறான்.

இரண்டாம் நாள், வியாழன்

வாட்டர்லூ ஸ்திரீட். ஒரே தெருவில் 1870இல் எழுந்த கிருஷ்ணன் கோயிலும், அதற்கு அருகிலேயே சீனர்களின் குவான் இம் கோயிலும் இருக்கின்றன. சீன மூதாட்டி ஒருவர் குவான் இம் சந்நிதியில் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்து, கிருஷ்ணன் கோயில் வாசலிலும் கைகூப்பி நின்றதைப் பார்த்தேன்.

நான் தேடி வந்தது அதே தெருவில் உள்ள யூத ஜெபாலயத்தை. 1878இல் திறக்கப்பட்டது. உள்ளே போக முன்னரே அனுமதி பெற்றிருக்க வேண்டும், நான் பெறவில்லை. தெருவின் எதிர்ப்புறம் நின்றே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகேய்ன் அபோத் என்று பெயர். முன்னோரின் கேடயம் என்று பொருள். “ஆபிராமே, நீ பயப்படாதே, நான் உனக்குக் கேடகம்” என்று யூதரின் முன்னோனிடம் கடவுள் சொல்ல, விவிலியத்தின் ஆதியாகமம் பதினைந்தாம் அதிகாரம் தொடங்குவது நினைவுக்கு வந்தது. உடன்படிக்கை ‘வெட்டப்படுவதும்’ அதே அதிகாரத்தில்தான். எபிரெய மொழியில் உடன்படிக்கையைச் செய்வதில்லை, வெட்டுகிறார்கள். விலங்குகளை இரு கூறாக வெட்டி எதிரெதிரே வைத்து, நடுவே நடந்துபோவது பழைய கீழை நாட்டு வழக்கம். சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதி என்று சொல்லாமல் சொல்வது அது. ஆனால் இந்தக் கதையில் ஆபிராம் அயர்ந்து தூங்குகிறான். புகையும் நெருப்புமாக ஒன்று மட்டும் கூறுகளுக்கு நடுவே கடந்துபோகிறது. வலியவரான கடவுள் தாமே முன்வந்து தம்மைக் கட்டிக்கொள்கிறார். ஆளுகிறவன் கட்டுப்பட்டவன் என்ற எண்ணத்தின் வித்து இந்தக் காட்சியில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் இந்தச் சின்னஞ்சிறு யூதச் சமூகத்தின் பிள்ளை. 1955இல் பதவிக்கு வந்தார். லண்டன் பேச்சில் தன்னாட்சி பெற முடியாவிட்டால் விலகுவேன் என்று சொல்லியிருந்தார். பேச்சு முறிந்தது, 1956 ஜூனில் விலகினார். கொடுத்த வாக்குக்காக நாற்காலியை விட்டவர் என்ற ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பிற்பகல் முழுவதும் பக்கத்திலிருக்கும் தேசிய நூலகத்தில். குளிர்சாதனம் எலும்புவரை போகிறது. பல ஆண்டுக் குறிப்புகளை அங்கே உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினேன். சீனாய் மலையில் கடவுள் இஸ்ரவேலரோடு உடன்படிக்கை செய்த கதையை ஐரோப்பாவின் சீர்திருத்தச் சபையினர் எடுத்து அரசியலாக்கிய வரலாறு அது. 1603இல் ஜெர்மானியர் ஆல்தூசியுஸ், குடும்பம் முதல் நாடு வரை எல்லாமே வாக்குறுதியால் கட்டப்பட்ட கூட்டுகள் என்றார். உடன்படிக்கைக்கான இலத்தீன் சொல் ஃபோதுஸ். ஃபெடரல் என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து பிறந்தது. கூட்டாட்சி என்று நாம் சொல்லும்போது கூட்டு தெரிகிறது, ஆட்சி தெரிகிறது. உள்ளே இருக்கும் வாக்குறுதி மறைந்துவிடுகிறது. மாநில உரிமை பற்றி இவ்வளவு பேசுகிற நாம் அந்த வேரையும் பேச வேண்டும்.

மாணவர்களின் கேள்விக்கு விடையும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. 1620 நவம்பரில், இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறப் போன மேஃபிளவர் கப்பலில் 41 ஆண்கள், கடவுள் முன்னிலையிலும் ஒருவர் முன்னிலையில் ஒருவருமாக உடன்பட்டு ஓர் அரசியல் சமூகமாக இணைகிறோம் என்று எழுதி ஒப்பமிட்டார்கள். 1638இல் எடின்பரோவில் ஒரு கோயில் வளாகத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். ஆக, முழுவதும் கற்பனை இல்லை. அதே கப்பலில் இருந்த பெண்கள் ஒருவரும் ஒப்பமிடவில்லை. அந்தக் கரையில் முன்னரே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்று ஃபோர்ட் கேனிங் குன்று. இதற்காகத்தான் வந்தேன் என்றே சொல்லலாம். மலாய் மொழியில் பழைய பெயர் புக்கிட் லாராங்கான், தடுக்கப்பட்ட குன்று. பண்டை அரசர்கள் வாழ்ந்த இடம் என்பதால் குடிகள் ஏற அஞ்சினார்கள். காலை எட்டு மணிக்கே வேர்த்துக் கொட்டியது. மரங்கள் மட்டும் காப்பாற்றின. பண்டை அரசன் இஸ்கந்தர் ஷா நினைவாக இங்கே ஒரு கெராமாட், அதாவது புனித அடக்கத்தலம், இருக்கிறது. மரத்தூண்கள் தாங்கும் கூரையின் கீழே எளிய மேடை. அதற்கருகில் உட்கார்ந்துதான் இந்தக் குறிப்பின் பெரும்பகுதியை எழுதினேன்.

உடன்படிக்கை அரசியல் என்றாலே யூதரும் ஐரோப்பியரும்தான் என்று நானும் பல காலம் நினைத்திருந்தேன். மலாய் அரச வரலாறான செஜாரா மெலாயுவைப் படித்தபோது அந்த எண்ணம் உடைந்தது. இந்தத் தீவில் சிங்கபுரத்தைக் கண்ட அரச மரபின் மூல நிகழ்ச்சியே ஓர் உடன்படிக்கைதான். பலெம்பாங்கின் தலைவர் தெமாங் லேபார் டாவுனிடம் புதிய அரசன் பெண் கேட்கிறான். பெண்ணைக் கொடுக்கும் முன் தெமாங் ஒரு சொல் கேட்கிறார். என் வழியினர் உங்களுக்குக் குடிகளாக இருப்பார்கள். அவர்கள் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் அவர்களை இழிவுபடுத்தாதீர்கள், கடுஞ்சொல்லால் வையாதீர்கள். குற்றம் பெரிதானால், சட்டம் இடம் கொடுத்தால், கொல்லுங்கள். அரசன் ஒப்புக்கொண்டு பதிலுக்கு ஒன்று கேட்கிறான். என் வழியினர் கொடியவர்களாகவே இருந்தாலும் உம் வழியினர் துரோகம் செய்யக் கூடாது. சரி என்கிறார் தெமாங். ஆனால் உங்கள் பக்கம் மீறினால் எங்கள் பக்கமும் மீறும் என்று சேர்த்துக்கொள்கிறார். எந்த அரசனாவது ஒரே ஒரு குடியை மானபங்கப்படுத்தினாலும் அவன் நாடு அழியப்போகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்கிறது அந்த நூல்.

உயிரைக் கேட்டால் கொடுப்போம், மானத்தைக் கேட்காதே. இதைவிடக் கூர்மையான அரசியல் நிபந்தனையை நான் எந்த ஐரோப்பியரிடமும் படித்ததில்லை.

அதே நூல் சிங்கபுரம் வீழ்ந்த கதையையும் சொல்கிறது. வாள்மூக்கு மீன்கள் கரையைத் தாக்கியபோது வாழைத்தண்டுகளை வேலியாக நிறுத்தும் யோசனையைச் சொல்லி ஊரைக் காத்தான் ஒரு சிறுவன். இவ்வளவு புத்தியுள்ளவன் பின்னாளில் ஆபத்தாவான் என்று அரசன் அவனைக் கொல்லச் செய்தான். அந்தப் பழி நாட்டின் மேல் விழுந்தது. பிறகு இஸ்கந்தர் ஷா காலம். அவனுடைய காமக்கிழத்தியருள் ஒருத்தி மேல் மற்றவர்கள் கோள் சொல்ல, விசாரிக்காமலே அவளைச் சந்தை முனையில் கழுவேற்றச் சொன்னான். அவள் தந்தை சாங் ராஜுனா தாபா அரசனின் பண்டகசாலை அதிகாரி. குற்றம் செய்திருந்தால் கொன்றிருக்கலாமே, ஏன் இப்படி மானத்தை வாங்க வேண்டும் என்று குமுறினார். ஜாவாவின் மஜபாஹித் பேரரசுக்கு ஓலை போயிற்று. படை வந்தபோது கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவர் அவரே. நூல் அவரையும் விடவில்லை. துரோகத்துக்காக அவரும் மனைவியும் கல்லாய்ச் சமைந்தார்கள். இரு தரப்பும் மீறின, இரு தரப்பும் தண்டனை பெற்றன. இதை வெறும் புராணம் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நடந்ததா என்பது வேறு கேள்வி; ஒரு மக்கள் தம் அரசனிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

கண்ணகி நினைவுக்கு வராமல் இருப்பாளா? மகளை இழந்த தகப்பன் இங்கே, கணவனை இழந்த மனைவி அங்கே. விசாரியாமல் கொடுத்த தண்டனை இரண்டிலும். ஆனால் பாண்டியன் யாரோடும் உடன்படிக்கை செய்துகொண்டவன் அல்லன். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பதுதான் நம் மரபு. அறம் தானாகவே வந்து கொல்லும். குடிகளின் கையில் கொடுத்து வைத்த வாக்கு என்று ஒன்று அங்கே இல்லை. அதனால்தான் பாண்டியன் நாணி உயிர்விட முடிந்தது. அவனை மானம் மட்டும் கட்டியிருந்தது. நாணமில்லாத அரசன் வந்தால் என்ன செய்வது? தெமாங் கேட்டுப் பெற்ற அந்தச் சொல் அப்போதுதான் தேவைப்படுகிறது. இதை நம் மரபின் குறை என்று சொல்ல எனக்கு வலிக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

குன்றின் மேல் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பீரங்கிகள் இருக்கின்றன. வாள் இல்லாத உடன்படிக்கை வெறும் சொல் என்று 1651இல் எழுதினார் ஹாப்ஸ். கெராமாட்டுக்கும் பீரங்கிக்கும் நடுவே நடந்தபோது, அவருக்கு இந்தக் குன்றே பதில் சொல்கிறது என்று பட்டது. இஸ்கந்தர் ஷாவிடம் வாள் இருந்தது. கதவைத் திறந்தது மானம் இழந்த ஒரு மனிதர்.

நான்காம் நாள், சனி

காலையிலிருந்து மழை. வெளியே போகவில்லை.

எதிர்வீட்டு மலாய் அம்மா வாழையிலையில் மடித்த பலகாரம் கொண்டுவந்தார். எழுபது வயதிருக்கும். அக்கா மகளுக்கு மலாய் நன்றாக வரும் என்பதால் பேச்சு ஓடியது. எங்கள் பேரன் உறுதிமொழியை மறுபடி சொல்லிக் காட்டினான். மலாயில் ‘காமி’ என்று தொடங்கும் என்றார் அவர். மலாய் மொழிக்கும் தமிழைப் போலவே இரண்டு பன்மை உண்டு. ‘கீத்தா’ என்றால் கேட்பவரையும் சேர்த்து நாம். ‘காமி’ என்றால் கேட்பவர் நீங்கலாக நாங்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரே உறுதிமொழி தமிழில் நாம், மலாயில் நாங்கள்!

“ஏன் ‘காமி’ என்று கேள் அம்மா” என்றேன் அக்கா மகளிடம். அவள் கேட்டுச் சொன்னாள்: “துஆ கேட்கும்போது அல்லாவிடம் ‘காமி’ என்றுதானே சொல்வோம், வாக்குக் கொடுப்பதும் அப்படித்தானே என்கிறார், மாமா.”

அப்படித்தான். ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று ஜெபிக்கிறோம். ‘நம் பிதாவே’ என்றால் கேட்கிற கடவுளுக்கும் ஒரு தகப்பன் வந்துவிடுவார். சீனாய் அடிவாரத்தில் ஜனங்கள் ஒரே சத்தமாய்ச் சொன்னது ‘செய்வோம்’ என்ற ஒற்றைச் சொல். தமிழ் வினைமுற்றில் நாமும் நாங்களும் ஒன்றாகவே ஒளிந்திருக்கின்றன. எழுவாயைச் சொன்னால்தான் பிரியும். நாங்கள் என்றால் வெளியே ஒரு சாட்சி நிற்கிறது. நாம் என்றால் நாமே நமக்குச் சாட்சி. மத உடன்படிக்கை மக்கள் அரசியலாக மாறும்போது நடப்பது இந்த மாற்றம்தான் என்று முப்பத்திரண்டு ஆண்டுகளில் எனக்குத் தோன்றவில்லை. ஒரு மலாய் அம்மா பலகாரத்தோடு கொண்டுவந்து கொடுத்தார்.

சாட்சி இல்லாத வாக்கு நிற்குமா? தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளை அப்பா விரலால் தடவிப் படித்துக் காட்டுவார். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இந்தத் தர்மம் நடக்கக் கடவது. கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். விவிலியத்தின் உபாகமத்தில் மோசே வானத்தையும் பூமியையும் சாட்சி வைக்கிறார், மீறினால் வரும் சாபங்களை அடுக்குகிறார். இன்னும் பிறக்காதவனையும் கட்டுவதற்கு, செத்துப்போகாத சாட்சி வேண்டும் என்று இரண்டு மரபுக்கும் தெரிந்திருக்கிறது.

ஐந்தாம் நாள், ஞாயிறு

ஓஃபிர் சாலையில் 1888இல் கட்டிமுடித்த லூர்து அன்னை ஆலயம். தமிழ்த் திருப்பலி. இடமில்லாமல் வாசல்வரை நின்றார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். முடிந்ததும் தேக்கா பக்கம் நடந்தபோது அவர்களில் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். தேவகோட்டைப் பக்கம் சொந்த ஊர். ஒன்பது ஆண்டுகளாகக் கட்டடத் தொழில். ஊரில் ஏஜெண்டு சொன்ன வேலை ஒன்று, வந்து சேர்ந்த இடத்தில் கிடைத்த வேலை வேறு. கட்டிய பணத்தை மீட்கவே ஒன்றரை ஆண்டு ஆனதாம்.

“பெர்மிட் முடிந்தால் புதுப்பிப்பார்கள், இல்லையென்றால் விமானம்தான் ஐயா. எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். துவாஸில் அவர் தங்கியிருக்கும் டார்மிட்டரி (தொழிலாளர் விடுதி) அறையில் பன்னிரண்டு பேர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மற்ற பதினொரு பேரும் ஆளுக்கு ஐம்பது வெள்ளி போட்டு டிக்கெட் எடுத்து அனுப்புவார்கள். அறையில் வங்காளதேசத்துக்காரர்கள் மூன்று பேர், அவர்களுக்கும் அப்படியே. ஊருக்குத் திரும்பிப் போனவர்கள்கூட இரண்டு முறை பணம் அனுப்பியிருக்கிறார்கள்.

“இதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“எழுதவில்லை ஐயா. பேசி வைத்துக்கொண்டோம்.”

ராஜரத்தினத்தின் வரைவிலிருந்து விழுந்துபோன ‘ஒருவருக்கொருவர் உதவி’ துவாஸில் ஓர் அறையில் இருக்கிறது.

உபாகமம் இருபத்தொன்பதாம் அதிகாரத்தில் உடன்படிக்கைக்கு நிற்பவர்களின் பட்டியல் ஒன்று வரும். தலைவர்கள், மூப்பர்கள், பெண்கள், குழந்தைகள். அதோடு பாளயத்தில் விறகு வெட்டுகிற, தண்ணீர் சுமக்கிற அந்நியரும். இன்று இங்கே இல்லாதவர்களோடும் இந்த உடன்படிக்கை என்கிறார் மோசே. இந்த வரிகளை மறந்த உடன்படிக்கைகள் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு உண்டு. 1838இல் தென்னாப்பிரிக்காவில் சூலு மக்களோடு போரிடும் முன், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்கள் கடவுளிடம் ஒரு பொருத்தனை செய்தார்கள். வென்றார்கள். பின்னாளில் நிறவெறி அரசு அந்த நாளை உடன்படிக்கை நாள் என்று கொண்டாடியது. தெரிந்தெடுக்கப்பட்ட ‘நாங்கள்’, வெளியே தள்ளப்பட்ட மற்றவர்கள். நான் அன்பு வைத்திருக்கிற ஒரு கருத்து இப்படியும் பயன்பட்டது என்பதை மறைக்க மாட்டேன். விறகு வெட்டுகிறவனைச் சேர்க்காத உடன்படிக்கையை உடன்படிக்கை என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். இந்த நகரத்தின் ஒவ்வொரு மாடியையும் எழுப்பியவர்கள் ஞாயிறு மாலை லாரியில் ஏறித் திரும்பிப்போவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

ஆறாம் நாள், திங்கள்

விடியற்காலையில் பேரன் சீருடை போட்டுக்கொண்டு கடைசி ஒத்திகை பார்த்தான். அவனுக்கு முறை இன்றைக்குத்தான். எனக்கு விமானம் பிற்பகலில்.

“தாத்தா, நீங்களும் என்னோடு சொல்லுங்கள்.”

“நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லையே கண்ணா. குடிமக்களாகிய நாம் என்று நான் எப்படிச் சொல்வது?”

அவன் யோசித்தான். தமிழ் இலக்கணம் சனிக்கிழமைப் பேச்சிலிருந்து அவனுக்குள் வேலை செய்திருக்கிறது. “அப்படியென்றால் உங்களிடம் சொல்லும்போது நான் ‘நாங்கள்’ என்று சொல்ல வேண்டுமா?”

“பள்ளியில் புத்தகத்தில் உள்ளபடியே சொல்” என்றேன். “இங்கே உன் விருப்பம்.”

அக்கா மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பள்ளிப் பேருந்துக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். அவன் வலக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, “சிங்கப்பூர் குடிமக்களாகிய நாங்கள்” என்று தொடங்கினான்.